விண்கலத்தின் சிறகை விரிப்பது யார்?



கோலா கிளாவாங் வட்டாரத்துத் தோட்டங்களில், லயத்து வீட்டுக் கூரையோரத்தில் ஒரு வட்டத் தட்டு வானத்தைப் பார்த்து நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் குடியேறிய நம்மவர் வீடுகளிலும் அது இருக்கிறது. அதுதான் தொலைக்காட்சித் தட்டு. ஆள் வந்து ஏணி வைத்து ஏறி, திசை பார்த்துத் திருகாணியை முடுக்கிவிட்டுப் போனால் வேலை முடிந்தது. அதன் பிறகு தட்டு அசைவதே இல்லை.

தட்டு அசையாமல் நிற்கிறது என்றால், அது பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோளும் ஆடாமல் அசையாமல் வானத்தில் தொங்குகிறது என்றுதானே நமக்குத் தோன்றும்? உண்மை அதுவன்று. நமது தட்டுகள் நோக்கும் மியாசாட் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றி வருகின்றன. பூமி ஒரு முறை தன்னைத்தானே சுழலும் அதே நேரத்தில் அவையும் ஒரு முறை சுற்றி முடிக்கின்றன. ஆகவேதான் நமக்கு அவை ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது.

அது மட்டுமன்று. அந்தச் செயற்கைக்கோளின் உடம்பிலும் ஓயாத அசைவு உண்டு. அதன் முகம் எந்நேரமும் பூமியைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் நமக்குப் படம் வரும். அதன் சிறகுகளோ எந்நேரமும் சூரியனைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அதற்கு மின்சாரம் கிடைக்கும். முகம் ஒரு பக்கம், சிறகு ஒரு பக்கம். ஆகையால் ஒரு நாள் முழுதும் சிறகு திரும்பிக்கொண்டே இருக்கிறது. 24 மணி நேரத்தில் 360 பாகை என்றால், மணிக்கு 15 பாகை. 4 நிமிடத்திற்கு ஒரு பாகை. சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள் நகரும் வேகத்தில் பாதிதான் இது.

இவ்வளவு மெதுவாகத் திரும்பும் ஒரு சிறகை அசைப்பது பெரிய வித்தையா என்று கேட்கலாம். பெரிய வித்தைதான். எட்டாத உயரத்தில், ஆள் போய்த் தொட முடியாத இடத்தில், ஒரு கீலை அசைப்பது எப்படி, அது அசையாமல் அடம்பிடித்தால் என்ன செய்வது என்பதையே இன்று பார்க்கப் போகிறோம். இந்தக் கதையில் கோலா கிளாவாங்கிற்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில், கட்டுப்பாடு என்றால் என்ன?

பெரட்டு முடிந்து, இருள் பிரியும் முன்பே நிரைக்குப் போய் மரம் வெட்டும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். உளியைப் பட்டையில் வைத்து இழுக்கிறார். ஆழம் குறைந்தால் பால் சரியாக வடியாது. ஆழம் கூடினால் உளி மரத்தைத் தொட்டுவிடும்; பட்டை காயப்பட்டு, ஆறும்போது முடிச்சு விழும். இந்த இரண்டிற்கும் இடையில் இருப்பது மிகச் சிறிய இடம். அளவுகோல் வைத்தா அவர் வெட்டுகிறார்? இல்லை. கண் பார்க்கிறது, விரல் உணர்கிறது. இவ்வளவு ஆழம் வேண்டும் என்று மனத்தில் உள்ள அளவோடு மூளை அதை ஒப்பிடுகிறது. அதிகமானால் கை தளர்கிறது, குறைந்தால் அழுத்துகிறது. திரும்பவும் கண் பார்க்கிறது. ஒரு மரத்திற்குள் இது எத்தனையோ முறை நடந்து முடிந்துவிடுகிறது.

உணர்தல், ஒப்பிடுதல், திருத்துதல். கட்டுப்பாடு என்பது இந்த மூன்றும் ஒரு வட்டமாக ஓயாமல் சுற்றி வருவதுதான். விண்கலத்தில் கண்ணுக்குப் பதிலாக உணர் கருவிகள் இருக்கின்றன. சூரியனைப் பார்க்கும் கருவி, பூமியின் விளிம்பைப் பார்க்கும் கருவி, விண்மீன்களைப் பார்க்கும் கருவி எனப் பல உண்டு. மூளைக்குப் பதிலாகக் கணிப்பொறி. கைக்குப் பதிலாக மோட்டார், சுழல் சக்கரம், வாயுவைப் பீய்ச்சும் சிறு குழல்கள். பெயர்தான் வேறு, முறை மரம் வெட்டுபவரின் முறையேதான்.

ஆனால் திருத்தம் அளவோடு இருக்க வேண்டும். சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங்கிற்கு வரும் புக்கிட் தங்கா சாலையின் வளைவுகள் நமக்குத் தெரியும். கைதேர்ந்த லாரி ஓட்டுநர் வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்து, திருகுசக்கரத்தை மெல்லத் திருப்பி மெல்ல விடுகிறார். புதியவர் பதறிப்போய் அதிகமாகத் திருப்புகிறார். வண்டி எதிர்ப்பக்கம் போகிறது. மறுபடி அதிகமாகத் திருப்புகிறார். வண்டி பாம்பு போல் நெளிகிறது. திருத்துவதற்காகச் செய்ததே தவறைப் பெரிதாக்குகிறது. விண்கலத்திற்குக் கட்டுப்பாட்டு முறை வகுப்போரும் முதலில் அஞ்சுவது இதற்குத்தான். எவ்வளவு பிழைக்கு எவ்வளவு திருத்தம், எவ்வளவு விரைவில் என்று கணக்கிட்டு வைப்பதே அவர்கள் வேலையின் பெரும்பகுதி.

இனி விண்வெளிக்குப் போவோம். அங்கே நமக்கு இங்கே பழக்கமில்லாத சில தொல்லைகள் இருக்கின்றன.

முதல் தொல்லை, காலூன்ற இடமில்லை. சம்பானில் நின்றுகொண்டு முன்பக்கம் ஓர் அடி நடந்து பாருங்கள். சம்பான் பின்பக்கம் நகரும். விண்வெளியில் எல்லாமே சம்பான்தான். சிறகை வலமாகத் திருப்பினால் உடம்பு இடமாகத் திரும்பப் பார்க்கும். ஒரு விசைக்கு எதிராகச் சமமான இன்னொரு விசை உண்டு என்று நியூட்டன் சொன்ன விதி அங்கே தப்பாமல் தெரியும். ஆகவே ஓர் உறுப்பை அசைக்கும்போதே, உடம்பு திரும்பாமல் பிடித்துக்கொள்ளவும் வழி செய்ய வேண்டும்.

அதற்காகவே விண்கலத்தின் உள்ளே வேகமாகச் சுழலும் ஒரு சக்கரத்தை வைக்கிறார்கள். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது நாம் அறிந்ததே. சுழலும் சக்கரம் தன் நிலையை எளிதில் விட்டுக்கொடுக்காது. அது மட்டுமின்றி, அதன் வேகத்தைச் சற்றுக் கூட்டினால் உடம்பு எதிர்ப்பக்கம் சற்றுத் திரும்பும். குறைத்தால் இந்தப் பக்கம் திரும்பும். எரிபொருளைத் தொடாமலே கலத்தைத் திருப்ப இது ஒரு வழி.

நமது நாட்டின் முதல் செயற்கைக்கோளான மியாசாட்-1 இந்தக் கருத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோன வகையைச் சேர்ந்தது. 1996 ஜனவரியில் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து அது புறப்பட்டது. உருளை வடிவமான அதன் உடம்பே பம்பரம் போல் சுழன்றது. ஆனால் உச்சியில் உள்ள ஆன்டெனா சுழலக்கூடாது. அது நம்மைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஆகவே உடம்பு எந்த வேகத்தில் ஒரு பக்கம் சுழல்கிறதோ, அதே வேகத்தில் ஒரு மோட்டார் ஆன்டெனாவை எதிர்ப்பக்கம் சுழற்றிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து ஆன்டெனா நிற்பது போல் ஆயிற்று. அந்த வேகம் சிறிது பிசகினாலும் ஆன்டெனா நம்மை விட்டு வேறு திசைக்குத் திரும்பிவிடும்.

இரண்டாவது தொல்லை, எண்ணெய். நம் வீட்டுக் கதவுக் கீல் கிறீச்சிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறோம். விண்வெளியில் காற்று இல்லை. காற்றழுத்தம் இல்லாத இடத்தில் சாதாரண எண்ணெய் மெல்ல ஆவியாகிப் போய்விடும். சுத்தமான இரண்டு உலோகப் பரப்புகள் காற்றில்லாத இடத்தில் அழுந்திக் கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே கீல்களுக்கு மாலிப்டினம் டைசல்பைடு போன்ற உலர்ந்த பூச்சுகளையும், ஆவியாகாத தனி எண்ணெய்களையும் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாவது, வெப்பமும் குளிரும். வெயில் படும் பக்கம் கொதிக்கும். நிழல் பக்கம் உறையும். சூடானால் உலோகம் விரிகிறது, குளிர்ந்தால் சுருங்குகிறது. கீழே மிகச் சரியாகப் பொருந்திய ஊசி மேலே போய் இறுகிவிடலாம்.

நான்காவது, ஆட்டம். காண்டா கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு நடப்பவரைப் பாருங்கள். வாளி ஆடும் தாளத்தோடு அவர் அடிவைக்கும் தாளமும் ஒன்றிவிட்டால் ஆட்டம் மேலும் மேலும் பெருகிப் பால் சிந்திவிடும். பழகியவர் அடியை மாற்றிவைத்து ஆட்டத்தை அடக்கிவிடுகிறார். விண்கலத்தின் நீண்ட சிறகும் இப்படித்தான். அது மெல்லிய தகடு; தொட்டால் ஆடும். காற்று இல்லாததால் அந்த ஆட்டம் சீக்கிரம் அடங்காது. மோட்டார் அடியடியாக நகரும்போது அந்த அடியின் தாளம் சிறகின் ஆட்டத் தாளத்தோடு ஒன்றக்கூடாது என்று கணக்குப் பார்த்து வைக்கிறார்கள்.

ஐந்தாவதும் கடைசியுமான தொல்லை எல்லாவற்றிலும் பெரியது. பழுதானால் போய்ப் பார்க்க ஆளில்லை.

இனி, நம் தலைக்கு மேல் நடந்த கதையைச் சொல்வோம்.

1981ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள். அதே கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியன் ராக்கெட் மூன்றாம் முறையாகப் புறப்பட்டது. அதன் இரண்டாம் பயணம் முந்திய ஆண்டு தோல்வியில் முடிந்திருந்தது. இம்முறை அதில் இந்தியாவின் செயற்கைக்கோள் ஒன்றும் ஏறியிருந்தது. அதன் பெயர் ஆப்பிள். 670 கிலோ எடை. ஓரிடத்தில் நிலைத்து நிற்பது போன்ற சுற்றுப்பாதைக்கு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ செய்த முதல் செய்தித்தொடர்புச் செயற்கைக்கோள் அதுதான். அந்தத் திட்டத்தின் இயக்குநர் தமிழரான டாக்டர் ஆர். எம். வாசகம், பின்னாளில் அவர் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார்.

ஆப்பிளைப் பற்றி உலகம் இன்றும் நினைவில் வைத்திருப்பது ஒரு படத்தை. மாட்டு வண்டியின் மேல் செயற்கைக்கோள் உட்கார்ந்திருக்கும் படம் அது. வறுமையால் அப்படிச் செய்தார்கள் என்று சிலர் எண்ணுவதுண்டு. காரணம் வேறு. அதன் ஆன்டெனாவைத் திறந்தவெளியில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. லாரியின் இரும்புடல் அந்தச் சோதனையைக் கெடுத்துவிடும். இரும்பு குறைந்த வண்டி எது என்று பார்த்தார்கள்; மர வண்டி கிடைத்தது, மாடும் கிடைத்தது.

ஆப்பிளுக்கு இரண்டு சிறகுகள். ராக்கெட்டின் மூக்குக்குள் அடங்குவதற்காக அவற்றை மடித்துக் கட்டியிருந்தார்கள். இவ்வகைச் சிறகுகள் விரியும் முறை குடையின் முறையை ஒத்தது. மடித்த சிறகை ஒரு பிடிப்பு இறுக்கிக்கொண்டிருக்கும். பூமியிலிருந்து கட்டளை போனதும் ஒரு சிறிய வெட்டுக் கருவி அந்தப் பிடிப்பை அறுக்கும். கீலில் உள்ள வில் சிறகைத் தள்ளித் திறக்கும். முழுதும் திறந்ததும் ஒரு கொக்கி விழுந்து பூட்டிக்கொள்ளும். பூட்டியதும் ஒரு சிறிய சுவிட்சு அழுந்தி, திறந்தாயிற்று என்று கீழே சேதி சொல்லும்.

ஆப்பிளின் ஒரு சிறகு விரிந்தது. மற்றொன்று விரியவில்லை.

வீட்டில் கதவு திறக்காவிட்டால் தோளால் இடிக்கிறோம். அங்கே இடிக்க யாரும் இல்லை. ஒரு சிறகு போனால் மின்சாரம் குறைகிறது. அது மட்டுமன்று, கலத்தின் நிறையும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சூரிய ஒளிக்கும் ஒரு சிறிய தள்ளுவிசை உண்டு. கையில் வைத்தால் தெரியாத அளவு அது. ஆனால் இரவு பகலாக, மாதக்கணக்கில் ஒரு பக்கச் சிறகை மட்டும் தள்ளிக்கொண்டிருந்தால் கலம் மெல்ல மெல்லத் திரும்பிவிடும். அந்தத் திருப்பத்தைக் கட்டுப்பாட்டு முறை நாள்தோறும் சரிசெய்தாக வேண்டும்.

ஆப்பிள் கைவிடப்படவில்லை. அதனுள் சுழல் சக்கரம் இருந்தது. காந்தத்தால் திருப்பும் கருவிகள் இருந்தன. வாயுவைப் பீய்ச்சும் குழல்கள் இருந்தன. ஒரு வழி குறைந்தாலும் வேறு வழிகள் இருந்தன. கிடைத்த மின்சாரத்தைக் கொண்டே வேலை வாங்கினார்கள். 1981 ஆகஸ்டு 13ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அதை நாட்டிற்கு அர்ப்பணித்தார். தொலைக்காட்சி, வானொலித் தொடர்பு, கணிப்பொறிகளை இணைத்தல் முதலிய சோதனைகள் அதன் வழியாக நடந்தன. 2 ஆண்டுகள் வாழும் என்று அனுப்பப்பட்ட ஆப்பிள், ஒற்றைச் சிறகோடு 27 மாதம் வாழ்ந்து, 1983 செப்டம்பர் 19ஆம் நாள் ஓய்வு பெற்றது.

இப்போது கோலா கிளாவாங்கிற்கு வருவோம். ஆப்பிள் நிறுத்தப்பட்ட இடம் எது தெரியுமா? கிழக்குத் தீர்க்கரேகை 102 பாகை. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமத்திராவின் உச்சியில். உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள். கோலா கிளாவாங் பட்டணமும் ஏறக்குறைய அதே 102 பாகைக் கோட்டில்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 3 பாகைதான் தூரம். அதாவது, 1981இலும் 82இலும் 83இலும் இந்த வட்டாரத்தில் நம்மவர்கள் மரம் வெட்டிக்கொண்டும், பால் வாளி சுமந்துகொண்டும் இருந்தபோது, ஏறக்குறைய அவர்களின் உச்சந்தலைக்கு நேரே அந்த ஒற்றைச் சிறகுக் கலம் நின்றுகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் அங்கேதான் இருந்தது.

ஆப்பிளுக்கு அடுத்து வந்தது இன்னும் கசப்பான பாடம். 1982 ஏப்ரல் 10ஆம் நாள் இன்சாட்-1ஏ ஏவப்பட்டது. இது அமெரிக்காவில் செய்யப்பட்டது. இதற்கு ஒரு பக்கம் மட்டுமே மின்சாரச் சிறகு. சூரிய ஒளியின் தள்ளுவிசையைச் சமன் செய்ய, மறுபக்கம் ஒரு பாய் வைத்திருந்தார்கள்; தோணியின் பாய் போல. அந்தப் பாய் விரியவில்லை. சாய்ந்த தராசை ஓயாமல் நிமிர்த்திக்கொண்டிருக்க வேண்டிய நிலை. அதே ஆண்டு செப்டம்பரில் எரிபொருள் தீர்ந்து அது கைவிடப்பட்டது. 7 ஆண்டு உழைக்க வேண்டிய கலம் 5 மாதத்தில் போயிற்று.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் இன்சாட்-1பி போனது. அதன் சிறகும் முதலில் அடம்பிடித்தது. பொறியாளர்கள் விடவில்லை. செப்டம்பர் நடுவில் சிறகு திறந்தது. அதன் பிறகு அது ஏறக்குறைய 7 ஆண்டு உழைத்தது. இந்தியக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போய்ச் சேர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கீல் திறந்ததற்கும் திறக்காததற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இந்த அனுபவங்களிலிருந்து உலகெங்கும் பொறியாளர்கள் வகுத்துக்கொண்ட வழிகள் என்ன?

முதலாவது, ஒன்றுக்கு இரண்டு. மோட்டாரில் இரண்டு கம்பிச் சுருள்கள். வெட்டுக் கருவிக்கு இரண்டு திரிகள். உணர் கருவியும் இரண்டு. ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, தேவைக்கு மேல் பலம். கீலைத் திறக்க எவ்வளவு விசை வேண்டுமோ, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தள்ளக்கூடிய வில்லை வைப்பது. குளிரில் இறுகினாலும் திறந்துகொள்ளும்.

மூன்றாவது, கீழேயே படாதபாடு படுத்திப் பார்ப்பது. ராக்கெட் குலுக்குவதைப் போல் மேடையில் வைத்துக் குலுக்குவார்கள். காற்றை உறிஞ்சிய பெரிய அறைக்குள் வைத்துச் சூடாக்கிக் குளிர்விப்பார்கள். பூமியில் சிறகு தன் எடையாலேயே தொய்ந்துவிடும். ஆகவே அதை மேலே கம்பியில் தொங்கவிட்டு, எடையில்லாதது போல் செய்து, திரும்பத் திரும்ப விரித்துப் பார்ப்பார்கள்.

நான்காவது, மெதுவாகச் செய்வது. செய்தபின் உணர்ந்து பார்ப்பது. சரியென்று தெரிந்த பிறகே அடுத்த படிக்குப் போவது.

இந்தப் பாடங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால், 2019க்கும் 2023க்கும் போக வேண்டும்.

2019 செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவை நெருங்கிக் கடைசிக் கட்டத்தில் விழுந்து நொறுங்கியது. அதன் ஐந்து இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாகத் தள்ளின. அந்தச் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. திருத்துவதற்கு கலம் விரைவாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் இவ்வளவு வேகத்திற்கு மேல் திரும்பாதே என்று கணிப்பொறிக்கு வரம்பு போட்டிருந்தார்கள். புக்கிட் தங்கா வளைவில் நாம் பார்த்த அதே சிக்கல்தான். பிழை பெரிதாகிவிட்ட பின், திருத்த இடம் போதவில்லை.

நிலவுக்குப் போய்வர வானொலிச் சேதிக்கே இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். ஆகவே இறங்கும்போது பூமியிலிருந்து கைகொடுக்க முடியாது. கலம் தானே பார்த்து, தானே ஒப்பிட்டு, தானே திருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த முயற்சியான சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவரின் மகன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்துவிட்டுப் படிப்படியாக மேலே வந்தவர். அவருடைய குழுவினர் என்ன செய்தார்கள்? கலத்தின் கால்களைப் பலப்படுத்தினார்கள். வேகத்தை அளக்க இன்னொரு லேசர் கருவியைச் சேர்த்தார்கள். ஐந்து இயந்திரத்திற்குப் பதில் நான்கு வைத்தார்கள். முன்பு அரை கிலோமீட்டருக்கு அரை கிலோமீட்டர் என்றிருந்த இறங்குமிடத்தை, 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிவாக்கினார்கள். எது நடந்தால் வெற்றி என்று மட்டும் எண்ணாமல், எது எது கெட்டுப்போகலாம் என்று எண்ணி ஒவ்வொன்றுக்கும் மாற்று வைத்தார்கள்.

அவர்கள் சோதித்த மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலவின் மேட்டுநிலத்து மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. அது தமிழ்நாட்டில், நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்ப்புறப் பாறைகளில் கிடைத்தது. அந்தப் பாறையைப் பொடித்துப் பரப்பி, அதன்மேல் ஊர்தியின் சக்கரங்களை ஓட்டிப் பார்த்தார்கள். நம் பாட்டன் பாட்டிமார் பலர் சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து கப்பலேறி இங்கே வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த அந்த மண்தான் நிலவுக்குப் போகும் சக்கரத்திற்கு நடைபழக்கியது.

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை கலம் நிலவில் மெல்ல இறங்கியது. நொடிக்கு ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் பறந்துகொண்டிருந்த அது, ஏறக்குறைய 19 நிமிடத்தில் தன் வேகத்தைத் தானே அடக்கிக்கொண்டு காலூன்றியது. பிறகு ஒரு சாய்வுப் பலகை விரிந்தது. 26 கிலோ எடையுள்ள ஆறு சக்கர ஊர்தி அதன் வழியே இறங்கியது. அந்த ஊர்தி 100 மீட்டருக்கு மேல் ஓடியது. இப்படி விரியும் அமைப்புகள் அந்தப் பயணத்தில் மொத்தம் 26. எல்லாம் பெங்களூரில் உள்ள யு. ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் செய்தவை.

செப்டம்பர் 3ஆம் நாள் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். கலத்தை நிலவின் தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் எழுப்பி, சற்றுத் தள்ளி மீண்டும் இறக்கினார்கள். அதற்கு முன் விரித்த பலகையையும் இரண்டு கருவிகளையும் மடித்துவைத்து, இறங்கிய பின் மறுபடி விரித்தார்கள். 1981இல் ஒரு சிறகு ஒரு தடவை திறக்க மறுத்தது. 2023இல் நிலவில் திறந்ததை மடித்து, மறுபடியும் திறந்தார்கள். இடையில் 42 ஆண்டு உழைப்பு.

இன்னொரு செய்தியையும் நம் தாய்மார்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லியாக வேண்டும். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 கலத்தின் திட்ட இயக்குநராகப் பணியாற்றியவர் நிகார் ஷாஜி. செங்கோட்டையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 2023 செப்டம்பரில் புறப்பட்ட அந்தக் கலத்தில், காந்தப் புலத்தை அளக்கும் கருவிகளைத் தாங்கிய 6 மீட்டர் நீளக் கை ஒன்று மடிந்து கிடந்தது. 132 நாள் மடிந்தே கிடந்த அந்தக் கை, 2024 ஜனவரி 11ஆம் நாள் கட்டளை கேட்டு விரிந்தது. 8 முதல் 12 நொடிக்குள் விரிய வேண்டும் என்று கணக்கிட்டிருந்தார்கள். சுமார் 9 நொடியில் விரிந்து பூட்டிக்கொண்டது. நான்கு மாதத்திற்கு மேல் குளிரிலும் வெறுமையிலும் கிடந்த கீல் இறுகவில்லை.

நேயர்களே, வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு சிறு சோதனை சொல்லி முடிக்கிறோம். பேட்டரியில் ஓடும் சின்னக் கைவிசிறி ஒன்று கடையில் மலிவாகக் கிடைக்கும். அதை ஓடாமல் நிறுத்தி, பின்புறத்தில் மெல்லிய நூல் கட்டி, இறக்கை கீழே பார்த்திருக்கும்படி தொங்கவிடுங்கள். ஆட்டம் அடங்கியதும் விசையைப் போட்டுவிட்டுக் கையை எடுங்கள். இறக்கை ஒரு பக்கம் சுழலும். விசிறியின் உடம்போ மறுபக்கம் சுழலத் தொடங்கும். பிள்ளைகள் வியப்பார்கள். ஏன் அப்படி என்று கேட்பார்கள். சம்பான் கதையைச் சொல்லுங்கள்; ஒற்றைச் சிறகுக் கதையையும் சொல்லுங்கள்.

உளியை அளவோடு அழுத்தத் தெரிந்த கை, காண்டா கம்பின் ஆட்டத்தை அடக்கத் தெரிந்த தோள், இவை நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. அந்தக் கைக்குத் தெரிந்ததை எண்ணாலும் எழுத்தாலும் எழுதக் கற்றுக்கொண்டால், அதுவே விண்கலத்தைக் கட்டுப்படுத்தும் கல்வி. ரயில்வே தொழிலாளியின் மகனுக்கும் விவசாயியின் மகளுக்கும் கைகூடிய அந்தக் கல்வி, கோலா கிளாவாங்கின் பிள்ளைகளுக்கும் எட்டாத உயரத்தில் இல்லை. கணக்கில் தடுமாறும் பிள்ளையை, உனக்கு இது வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திறக்காத சிறகையும் பொறுமையோடு முயன்று திறந்த கதையைத்தான் இன்று கேட்டோம்.